செம்மறி பார்பகோவா தாகோ: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

மெக்சிகோவின் குவெரெத்தாரோ நகரில் ஆறு வருடம் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து இதால்கோ மாநிலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து எங்கள் தெருமுனையில் கொட்டகை போடும். காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும், பதினொன்றுக்கெல்லாம் அண்டா காலி. நெடுநேரம் வேகவைத்த செம்மறிக் கறிதான் பார்பகோவா. அதைத் தோர்தியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் மடித்தால் தாகோ. அதை நான் கற்றுக்கொண்டது அந்த வரிசையில் நின்றபடிதான். வீட்டு விசேஷத்துக்கு இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களின் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, பார்பகோவா என்றால் நம் பார்பிக்யூதானா?

சொல் ஒன்றுதான், சமையல் வேறு. கரீபியன் தீவுகளின் தாயினோ மக்கள் நெருப்புக்கு மேல் கட்டிய குச்சிப் பரணுக்கு வைத்த பெயர் அது. ஸ்பானியர் வாயில் பார்பகோவா ஆனது, ஆங்கிலத்தில் பார்பிக்யூ ஆனது. ஆனால் மத்திய மெக்சிகோவில், அதாவது இதால்கோ, த்லஸ்கலா, தெஸ்கோகோ பக்கமெல்லாம், பார்பகோவா என்றால் குழி. கல் அடுக்கிய ஆழமான குழியில் விறகை எரித்துத் தணலாக்குவார்கள். தீயில் வாட்டிய மாகே கற்றாழை மடல்களைச் சுற்றிலும் சாய்த்து வைப்பார்கள். அடியில் ஒரு பானை, அதன் மேல் கம்பி வலை, வலை மேல் ஆடு. மடலால் மூடி, மேலே மண்ணைப் போட்டு அடைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். விடிந்ததும் திறப்பார்கள். குழியும் மாகேயும் அந்த மண்ணின் பழைய சொத்து. செம்மறி 1521க்குப் பிறகு ஸ்பானியரோடு கப்பலில் வந்தது.

இருபது பேருக்கு எவ்வளவு கறி வாங்க வேண்டும்? எந்தப் பகுதி?

ஆளுக்கு மூன்று தாகோ, ஒரு தாகோவுக்கு 50 கிராம் வெந்த கறி. ஆக 3 கிலோ. எலும்போடு வாங்கும் தோள்பட்டை வெந்து உதிர்த்தபின் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும். அதனால் 7 கிலோ வாங்குங்கள், அதாவது நடுத்தர அளவில் மூன்று முன்சந்து. பின்தொடை பார்க்க அழகாக இருக்கும், விலையும் கூட, இந்தச் சமையலுக்கு மட்டும் ஆகாது. கொழுப்பும் சவ்வும் குறைவு என்பதால் நார் நாராக வறண்டுவிடும். கடைக்காரரிடம் கொஞ்சம் நெஞ்செலும்பும் கேட்டு வாங்குங்கள். சாற்றுக்கு அதுதான் ருசி.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடைகளில் மட்டன் என்று கிடைப்பது பல இடங்களில் வெள்ளாடு. அதிலும் செய்யலாம். ஹாலிஸ்கோ மாநிலத்து பிர்ரியா என்ற கறிச் சமையல் வெள்ளாட்டுக்கறியில் செய்வதுதான், அதற்கு மிளகாய் விழுது தடவுவார்கள். பார்பகோவாதான் வேண்டும் என்றால் செம்மறி என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் குழி தோண்ட முடியாது! ஓவனில் எப்படி?

ஆழமான தட்டு ஒன்று, அதற்குள் நிற்கும் கம்பி வலை ஒன்று. தட்டின் அடியில் இரவு ஊறவைத்து அரைவேக்காடாக எடுத்த கொண்டைக்கடலை கால் கிலோ, ஒரு வெங்காயம், இரண்டு கேரட், முழுப் பூண்டில் பாதி, ஒரு கைப்பிடி அரிசி, கொதிக்கும் நீர் இரண்டு லிட்டர். வலை மேல் அனலில் வாட்டிய வாழையிலையை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விரியுங்கள். நடுவே நாலைந்து இடத்தில் கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாறு கீழே இறங்காது. உப்புத் தடவிய கறியை வைத்து இலையை மடித்து மூடி, அதன் மேல் அலுமினியத் தாளை இரண்டடுக்காக இறுக்கிக் கட்டுங்கள். 150 டிகிரி செல்சியஸில் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். மூன்று சந்தும் ஒரே ஓவனில் நெருக்கமாக இருந்தால் இன்னும் ஒரு மணி கூட ஆகும். ஒரு தட்டில் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த அலுமினியத் தாள் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை ஒரு மூலையில் எலும்பு குத்திக் கிழிந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. நாலாவது மணியில் தண்ணீர் முழுக்க வற்றி, கடலை கருகி, புகை எச்சரிக்கை மணி அலறி, மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். கறி மட்டும் எப்படியோ தப்பித்தது. இப்போது மூன்றாவது மணியில் ஒருமுறை கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓரத்தைத் தூக்கித் தண்ணீர் பார்த்துவிடுவேன்.

எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும்? மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் ரப்பர் மாதிரி இருந்தது.

அவசரப்பட்டு எடுத்திருக்கிறீர்கள். கறியின் உள்சூடு 65, 70 டிகிரியைத் தாண்டும்போது நார்கள் சுருங்கித் தண்ணீரைக் கக்கும். அந்தக் கட்டத்தில் எடுத்தால் கடிக்கவே முடியாது. சவ்வில் இருக்கும் கொலாஜன் இளகி ஜெலட்டினாக மாறுவது 80க்கு மேல் போய் அங்கேயே நெடுநேரம் கிடந்தால்தான். உள்ளே 93 டிகிரி காட்டினால் எடுங்கள். வெப்பமானி இல்லையா? தோள்பட்டையின் தட்டையான எலும்பைப் பிடித்து இழுங்கள். கறி ஒட்டாமல் வெறும் எலும்பாக உருவிக்கொண்டு வர வேண்டும்.

மாமியார் இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா இல்லாமல் ஆட்டுக்கறி கவிச்சி அடிக்கும் என்கிறார். உப்பு மட்டும் போட்டால் யார் சாப்பிடுவார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்! உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. செம்மறியின் கவிச்சி கொழுப்பில்தான் இருக்கிறது. அதனால் மேலே தடியாகப் படிந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பை முதலிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள். உள்ளே ஊடாக ஓடுவதை விட்டுவையுங்கள்.

மற்ற பாதியில்தான் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் தெருமுனைக் கொட்டகையில் கறிக்குப் போட்டது உப்பு, மாகே மடல், ஒரு ராத்திரி. அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் நானும் இதையேதான் கேட்டேன், வேறு எதுவுமே போடவில்லையா என்று. அவர் மூடியைத் திறந்து ஆவியை என் முகத்துக்குக் காட்டினார். காரம், புளிப்பு, பச்சை வாசனை எல்லாம் தாகோவில் ஏறப்போகிறது: சால்சா என்ற மிளகாய்ச் சட்னி, எலுமிச்சை, நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித்தழை. கறியிலும் மசாலாவை ஏற்றினால் இரண்டும் சண்டை போடும். அப்புறம் அது சுக்கா வறுவல் வைத்த சோள ரொட்டி. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு ஏன் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும்?

கிலோவுக்கு 12 கிராம் கல்லுப்பு, முந்தின இரவே தடவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மாமியாருக்காக ஒரு சந்தில் மட்டும் பூண்டைத் தட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் சமாதானமும் வேண்டும் அல்லவா.

வாழையிலை போட்டால் அது போலியாகிவிடாதா? எங்கள் ஊரில் ஆனைக்கற்றாழை வேலியோரம் நிறைய இருக்கிறது.

வாழையிலை போலி இல்லை. யுகதான் பக்கம் மண்ணடுப்பில் வேகும் கோச்சினீதா பிபில் என்ற பன்றிக்கறிக்கு வாழையிலைதான் சுற்றுகிறார்கள். வேலியோரக் கற்றாழையைத் தொடாதீர்கள். அது மாகேயின் சொந்தக்காரச் செடிதான், ஆனால் பச்சை மடலின் சாறு தோலில் பட்டால் அரித்துத் தடித்துவிடும். எந்த வகை, எப்படி வாட்டுவது என்று தெரிந்தவர்கள் கையாள வேண்டியது. மாகேயின் புகைமணம் வாழையில் வராது என்பது உண்மை. மெக்சிகோவில் சிலர் அவகாடோ இலையும் சேர்ப்பார்கள், லேசாகச் சோம்பு வாசனை வரும். அது கிடைக்காவிட்டால் இரண்டு பிரிஞ்சி இலையும் அரைச் சிட்டிகை சோம்பும் போதும்.

குக்கரில் வைக்கலாமா?

வைக்கலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். மென்மை வரும். ஆனால் கறி நீரில் மூழ்கி வேகும்போது ருசி முழுக்க சாற்றுக்குப் போய்விடும். மூழ்காமல் உள்தட்டு வைத்து ஆவியில் வேகவிடுங்கள். எடுத்த பிறகு சூடான ஓவனிலோ இரும்புக் கல்லிலோ மேற்புறம் கொஞ்சம் முறுகவிட்டால் நன்றாக இருக்கும்.

சால்சாவுக்கு குவாஹியோ, பசீயா மிளகாய் கிடைக்கவில்லை. வரமிளகாய் போடலாமா?

குவாஹியோவுக்குக் காஷ்மீரி மிளகாய் ஓரளவு ஈடு கொடுக்கும். நிறம் நன்றாக வரும், காரம் மட்டு. பசீயாவின் உலர்திராட்சை வாசனைக்கு நம்மிடம் ஈடான மிளகாய் இல்லை, உண்மையிலேயே நாலு உலர்திராட்சையைச் சேர்த்து அரைத்துவிடுங்கள். குண்டு மிளகாய் வேண்டாம். அவர்களுடைய கஸ்கபேல் மிளகாய் மாதிரியே உருண்டையாக, ஆட்டினால் கலகலக்கும், ஆனால் காரம் வேறு ரகம். காம்பும் விதையும் நீக்கி, தோசைக்கல்லில் சில நொடிகள் மட்டும் வாட்டுங்கள். கருத்தால் கசக்கும். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, சுட்ட பூண்டு, உப்புடன் அரைக்க வேண்டும்.

பார்பகோவாவுக்கென்றே உள்ளது சால்சா பொர்ராச்சா, அதாவது குடிகாரச் சால்சா. பசீயா மிளகாயோடு மாகேயில் இறக்கும் புல்கே என்ற கள்ளை ஊற்றி அரைப்பது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் கள்ளுக்குப் பதில் ஆரஞ்சுச் சாறும் சில சொட்டு வினிகரும் ஊற்றுகிறேன். பெயரை மட்டும் மாற்றவில்லை. பெரியவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

டொரொண்டோவிலிருந்து எழுதுகிறேன். தோர்தியாவுக்குக் கடையில் வாங்கிய சோள மாவு பிசையவே வரவில்லை, உதிர்ந்து போகுது. என்ன பிழை விட்டேன்?

மாவில்தான் பிழை, உங்கள் கையில் இல்லை. சாதாரண மக்காச்சோள மாவு ஒட்டாது. கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு வெறும் மாச்சத்து, அதுவும் உதவாது. தோர்தியாவுக்கு வேண்டியது நிஷ்தமால் செய்த மாவு. பொட்டலத்தில் மாசா ஹரினா என்று போட்டிருக்கும். உங்கள் ஊரில் லத்தீன் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும்.

நிஷ்தமால் என்பது சுண்ணாம்பு வேலை. ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். தோல் வழுவழுவென்று கழலும் வரை, முக்கால் மணி நேரம் போல, மெதுவாக வேகவிட்டு இரவு முழுக்க அப்படியே ஊறவைப்பார்கள். காலையில் தோலைக் கசக்கிக் கழுவி அரைப்பார்கள். அரைக்கும் கல்லுக்கு மெத்தாத்தே என்று பெயர், பார்த்தால் நம் அம்மி நினைவு வரும். மூன்று கால் முளைத்த அம்மி! சுண்ணாம்பு சோளத்தின் தோலைக் கரைக்கிறது, மாவுக்குப் பிடிப்பு தருகிறது, உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தையும் விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளமே கதி என்றிருந்த இத்தாலிய ஏழைகளுக்கும் பிற்பாடு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களின் ஏழைகளுக்கும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. அந்தச் சோளத்தை முதலில் விளைத்த மக்கள் சுண்ணாம்போடு தின்று நலமாக இருந்தார்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் பெட்டிக்கடை டப்பாவை நம்ப வேண்டாம், சமையலுக்கென்று விற்பதை வாங்குங்கள். வெட் கிரைண்டரில் அரைத்தால் தண்ணீர் கூடிவிடும், மாசா ஹரினா தூவி இறுக்கிக்கொள்ளலாம்.

பொட்டல மாவு ஒரு கிலோவுக்கு ஒன்றே கால் லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வெந்நீர் பிடிக்கும். அழுத்தினால் ஓரம் வெடிக்கக் கூடாது. அரை மணி மூடிவைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டையான சட்டியால் அமுக்குங்கள். அறுபது எழுபது தேறும். நல்ல சூடான கல்லில் முதல் பக்கம் இருபது நொடி, மறுபக்கம் ஒரு நிமிடம், திரும்பப் போட்டால் பூரி மாதிரி உப்பும். துணியில் சுற்றி வையுங்கள், பத்து நிமிடம் அப்படி இருந்தால்தான் மடங்கும்.

சப்பாத்தியில் சுற்றினால் தப்பா?

தப்பில்லை. மெக்சிகோவின் வடக்கே, சோனோரா பக்கம், கோதுமைத் தோர்தியாதான் அன்றாடம். ஆனால் இந்தக் கறிக்குச் சோளம்.

மொறுமொறுப்பான வளைந்த தாகோ ஓடு?

அது அமெரிக்காவில் பிரபலமானது. இங்கே வேண்டாம்.

வீட்டில் ஐந்து பேர் சைவம். அவர்களுக்கு?

பலாக்காய். சிரிக்காதீர்கள், மெக்சிகோவின் நயாரித் மாநிலத்தில் பலா விளைகிறது, சைவத் தாகோவுக்கும் போடுகிறார்கள். வேகவைத்து உதிர்த்து, மேலே சொன்ன மிளகாய் விழுதைத் தடவி, தனி வாழையிலையில் சுற்றித் தனித் தட்டில் ஒரு மணி நேரம். இதற்கு மசாலா தாராளமாகப் போடலாம், பலாக்காய்க்குச் சொந்தமாகப் பேச எதுவும் இல்லை. கூடவே கறுப்புப் பீன்ஸ். கரண்டியைத் தனியாக வையுங்கள், அதில்தான் விசேஷ வீடுகளில் மனஸ்தாபம் வரும்.

முதல் நாளே செய்து வைக்கலாமா? அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும்.

செய்து வையுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். சூடு தணிந்ததும் பெரிய துண்டுகளாகப் பிரித்து (நூலாக உதிர்க்க வேண்டாம், காய்ந்துபோகும்), ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். தட்டின் அடியில் இருக்கும் சாறுதான் கொன்சோமே. அதைத் தனியாக வையுங்கள். காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அதை எடுத்துவிடலாம். ஒரு கரண்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கறி மேல் இரண்டு கரண்டி கொன்சோமே தெளித்து மூடி, 150 டிகிரியில் நாற்பது நிமிடம். பிறகு எடுத்துவைத்த கொழுப்பைக் கல்லில் உருக்கி, கறியைப் போட்டு ஓரம் முறுகும்வரை ஒரு புரட்டு.

குடிக்க என்ன கொடுக்கலாம்?

புளித்தண்ணீர். அங்கே ஆகுவா தே தமரிந்தோ என்று கண்ணாடி ஜாடிகளில் வைத்து விற்பார்கள். புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டது, நம் பானகத்திலிருந்து ஏலமும் சுக்கும் வெல்லமும் கழித்தால் எதுவோ அது.

எப்படிப் பரிமாறுவது? முதலில் சூப்பா, தாகோவா?

கொன்சோமேயைச் சிறிய கிண்ணங்களில் கொண்டைக்கடலையோடு முதலில் கொடுங்கள், எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவி. கிண்ணத்தைத் திரும்ப வாங்காதீர்கள், தாகோவை அதில் தோய்த்துத் தின்பவர்கள் இருப்பார்கள். கறியைப் பலகையோடு மேசை நடுவில் வைத்து, தோர்தியாவைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, அவரவரே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் கல்லின் பக்கத்தில் நில்லுங்கள். ஆறிய தோர்தியா உடைந்துபோகும், யாராவது ஒருவர் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.