பதவி நீக்க விசாரணை நியாயமானதா?

கேள்வி: 2019இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் மீது நடந்த பதவி நீக்க விசாரணையில், மூடிய அறையில் சாட்சிகளை விசாரித்தபோது அவருடைய வழக்கறிஞரை அனுமதிக்கவில்லை என்று படித்தேன். நானும் பணியில் இருந்தபோது 17(பி) குறிப்பாணை (துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம்) வாங்கியவன். வருகைப் பதிவேட்டைப் புரட்டி, சக ஆசிரியர்களிடம் வாக்குமூலம் வாங்கி முடித்த பிறகே என்னிடம் விளக்கம் கேட்டார்கள். இதெல்லாம் நியாயமா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: உங்கள் மன வேதனை புரிகிறது, ஐயா. ஆனால் குறிப்பாணையோடு குற்றச்சாட்டும், ஆவணப் பட்டியலும், சாட்சிகள் பட்டியலும் இணைப்புகளாக உங்கள் கைக்கு வந்த நாளில்தான் பதில் சொல்லும் உரிமை முழுமையாகத் தொடங்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை செய்வதும் அதுவரையிலான வேலைதான், அதாவது குற்றச்சாட்டைத் தயாரிப்பது. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நடப்பது போன்ற வழக்கு விசாரணை மேலவையான செனட்டில் நடக்கிறது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லாமல் அதிபரை நீக்க முடியாது. மேலும், அந்த மூடிய அறையில் அதிபரின் கட்சி உறுப்பினர்களும் அமர்ந்து கேள்வி கேட்டார்கள். நவம்பர் 13 முதல் விசாரணை வெளிப்படையாக நடந்தது; டிசம்பரில் சபையின் நீதித்துறைக் குழு அழைத்தபோது அதிபர் தரப்பு வர மறுத்துவிட்டது. ஆகவே வாய்ப்பே தரப்படவில்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

முழுச் சபையும் வாக்களிக்காமல் விசாரணையைத் தொடங்கியது செல்லாது என்று வெள்ளை மாளிகை வாதிட்டது. அரசியல் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை. வாஷிங்டன் நீதிபதி ஒருவரும் அக்டோபர் 25 அன்று அவ்வாறே கூறினார். ஆனாலும் அக்டோபர் 31 அன்று 232-196 என்று எடுத்த வாக்கெடுப்பை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1974இல் அப்போதைய அதிபர் நிக்சன் மீதான விசாரணைக்கு 410 பேர் ஆதரவு, நால்வர் மட்டுமே எதிர்ப்பு. அவருடைய கட்சிக்காரர்களே கைகொடுத்ததால் அதைப் பழிவாங்கல் என்று ஒதுக்குவது எளிதாக இருக்கவில்லை. 2023இல் அப்போதைய அதிபர் பைடன் மீதும் வாக்கெடுப்பு இல்லாமலேதான் விசாரணையைத் தொடங்கினார்கள். 2019இல் அதைக் குறை சொன்ன டிரம்பின் கட்சியே இதைச் செய்தது எனக்கு வருத்தம் தருகிறது.

நம் அரசியல் சட்டத்தின் 61ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்தும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். ஓர் அவை குற்றம் சாட்டினால் மற்ற அவை விசாரிக்கும். அந்த விசாரணையில் நேரில் வரவும், தம் சார்பில் ஒருவரை அனுப்பவும் குடியரசுத் தலைவருக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் அந்த உரிமை சபை அவ்வப்போது வகுத்துக்கொள்ளும் விதியைப் பொறுத்தே அமைகிறது.