வசதியில்லாத பிள்ளைகளைப் பழக்கி, மற்றப் பிள்ளைகளுக்கு உரிமையும் சுகாதாரமும் சொல்லிக்கொடுக்க வைப்பது சரிவருமா?

கேட்டவர் தன் கிராமத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்து இதைத் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறார். ஏற்கெனவே கஷ்டப்படுகிற பிள்ளைகளின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார். பயம் நியாயமானது. நான் சின்ன வயதில் அப்படிப் பழக்கப்பட்ட பிள்ளை. இப்போது திருகோணமலைக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை, சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பழக்குகிறேன். உங்களுக்கும் என்னைப் போலக் கையில் காசு இருக்காது, ஒரு கட்டடமும் கொஞ்சம் ஆர்வமும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சரிவரும். ஆனால் பிள்ளை வெளியே போய் ஒன்றைச் சொன்ன பிறகு என்ன வந்தாலும் அதை ஏற்க ஒரு பெரியவர் பின்னால் நிற்க வேண்டும். நான் ஒருமுறை நிற்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன், ஆனால் முதலில் முகாமிலிருந்து தொடங்க வேண்டும்.

என் ஊர் சம்பூர்ப் பக்கம். 2006 சித்திரையில் குண்டு விழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து அடுத்த வருடம் கிளிவெட்டி அகதி முகாமுக்கு வந்தோம். தறப்பாள் கொட்டில், வரிசையாக மலசலகூடம், பவுசரில் வருகிற தண்ணீர். குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. அங்கே வேலைசெய்த ஒரு அண்ணா எங்களில் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஜீவனி, அதாவது வயிற்றோட்டத்துக்குக் குடிக்கக் கொடுக்கிற உப்புச் சீனித் தூள், கரைக்கப் பழக்கினார். ஒரு பக்கெட் தூளுக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீட்டர், கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பக்கெட் இல்லையென்றால் அதே ஒரு லீட்டருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

எங்கள் வரிசை அம்மாமார் அதுவரை பக்கெட்டைப் பிரித்துக் கண்ணளவில் கொஞ்சத்தைத் தம்ளரில் போட்டுக் கலக்குவார்கள், மிச்சத்தை மடித்துச் செருகி வைப்பார்கள். கூடிப்போனால் உப்பு ஏறிக் குழந்தைக்குக் கேடு, குறைந்தால் குடித்தும் பயனில்லை. லீட்டர் அளக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அண்ணா ஒரு பெரிய சோடாப் போத்தலில் அளந்து ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் கோடு கீறித் தந்தார். இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் அந்தப் போத்தலோடு நான் கொட்டில் கொட்டிலாகப் போனேன். என்னைப் போலவே இடுப்பில் பிள்ளையோடு நின்ற அக்காமாருக்குத்தான் முதலில் காட்டினேன். அவர்கள் தங்கள் அம்மாவுக்குக் காட்டினார்கள்.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த வேலை இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகத்தில் டேவிட் மோர்லி, ஹியூ ஹோஸ் ஆகியோர் 1978இல் தொடங்கிய 'பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு' முயற்சி இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டது: ஏழை வீடுகளில் சின்னதுகளைப் பார்ப்பது மூத்த பிள்ளைதான், அப்படியானால் அந்த மூத்த பிள்ளைக்குச் சரியாகச் சொல்லிக்கொடுப்போம் என்று. நான் இதை வாசித்தது பல வருடங்களுக்குப் பிறகு. வாசித்தபோது என் இடுப்பில் இருந்த தம்பியைத்தான் நினைத்தேன்.

அதே அண்ணா உரிமையும் படிப்பித்தார். ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயம் 1989இல் வந்தது, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது, 54 உறுப்புரைகள். பாடமாக்கினோம். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்தில் ஆளுக்கொன்றாகச் சொன்னோம். எனக்கு வந்தது 31ஆவது, ஓய்வும் விளையாட்டும். சொல்லிவிட்டு இறங்கியதும் பக்கத்துக் கொட்டில் பிள்ளை என் கையைப் பிடித்து, "அப்ப எங்க விளையாடுறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அண்ணாவிடம் போனேன். அவர் சிரித்துவிட்டுப் போகவில்லை. முகாமில் பெரியவர்களோடு கதைத்து, பவுசர் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் பற்றை வெட்டி ஒரு துண்டு நிலம் எடுத்துத் தந்தார். நாலு நாள் ஆனது. அந்த நிலத்தில்தான் நாங்கள் கிளித்தட்டு விளையாடினோம். பிள்ளை வாய் திறந்தால் பெரியவர் நகர வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லவே இல்லை, செய்து காட்டினார். நான்தான் பிறகு மறந்துபோனேன்.

இனி 2023. கலியாணம் முடித்து வந்த இந்த ஊர், கரையில் நின்று கயிற்றால் வலை இழுக்கிற கரைவலை ஊர். பங்குனியில் கடல் அடங்கியதும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் கரையில் வாடி (பருவக் கொட்டில்) போடுவார்கள், மாரி தொடங்கும்வரை வலை இழுப்பு. என்னிடம் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். டெங்குவில் தொடங்கினோம், அது நன்றாகப் போனது. 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை, அதனால் வீட்டுக்காரர் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். தண்ணீரைக் கொட்டினால் போதாது, நுளம்பு முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதைப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு தேங்காய்த் தும்பால் தேய்த்தே காட்டினார்கள். கரையில் கிடக்கிற ஓடாத படகுகளில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்து பார்த்துவிட்டு, இதை நான் யோசிக்கவில்லையே என்றார்.

அந்த உற்சாகத்தில் உரிமை வகுப்பையும் தொடங்கினேன். கட்டாயக் கல்வி 16 வயதுவரை, 2021இலிருந்து வேலைக்கு வைக்கிற ஆகக் குறைந்த வயதும் 16, பிள்ளைக்கு ஆபத்தென்றால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு எடுக்கலாம், அழைப்பு இலவசம். எல்லாம் சரியான விடயம். ஒரு பிள்ளை, தரம் 8, கெட்டிக்காரி, கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்த் தன் வகுப்பில் அடிக்கடி வராமல் நிற்கிற ஒரு பெடியனிடம் சொல்லியிருக்கிறாள். அவனுக்குப் பதினாலு வயது. விடிய நாலு மணிக்குக் கயிறு பிடிக்கப் போகிறவன். உன்னை வேலைக்கு வைப்பது சட்டப்படி பிழை, நீ 1929க்குச் சொல்லலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று இரவு அவன் தகப்பனோடு சண்டைபோட்டு, "நான் 1929க்கு அடிப்பன்" என்று கத்தியிருக்கிறான். தகப்பன் அடித்துவிட்டார். அடுத்த நாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். "ரீச்சர், என்ன படிப்பிக்கிறீங்கள்? எண்ட பிள்ளை என்னைப் பொலிசில குடுப்பன் எண்டு நிக்கிறான்." சத்தம் போடவில்லை. அழுதார்.

தாய் குவைத்தில். ஆறு மாதமாகக் காசு வரவில்லை. தகப்பனுக்கு முதுகில் அடிபட்டு வலை இழுக்க ஏலாது. வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு கிழவி. பெடியன் கொண்டுவருகிற கறிமீனும் கையில் கிடைக்கிற கொஞ்சக் காசும்தான் அந்த வீட்டின் அடுப்பு. இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே ஊரில், அரைக் கட்டை தூரத்தில் இருந்துகொண்டு தெரியாது. சட்டத்தை மட்டும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஊரில் கோபம் என்மேல் வரவில்லை, அவள்மேல்தான் வந்தது. கடையில் வைத்து "வீடு பிரிக்கிறவள்" என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். தாய் அவளை அனுப்புவதை நிறுத்தினார். மூன்று சனிக்கிழமை அவளுடைய பாய் வெறுமையாகக் கிடந்தது. பெரியவர்கள் சுமக்க வேண்டிய பேச்சை அந்தப் பிள்ளை சுமந்தது. கேட்டவரே, நீங்கள் பயப்படுகிற சுமை இதுதான்.

இதை வாசித்து, "பார்த்தீர்களா, பிள்ளைகளைப் பெற்றோருக்கு எதிராகத் திருப்பிவிடுகிற வேலை இது" என்று யாராவது எழுதுவார்கள். எழுதுங்கள். அந்தப் பெடியன் இருட்டில் இடுப்பளவு கடலில் நின்றதும், தரம் 5 கணக்குக்கூடத் தெரியாமல் தரம் 8இல் இருந்ததும் என் வகுப்பால் வந்தவை அல்ல. "என்.ஜி.ஓ காசுக்குச் செய்கிறாள்" என்பவர்களுக்கும் சொல்கிறேன், ஒரு சதமும் எனக்கு வருவதில்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பிஸ்கட்டும் கடைக்காரர் தருவது. அவள் சொன்னது பிழையில்லை. அவளைத் தனியாகச் சொல்லவிட்டதுதான் பிழை, அது என் பிழை.

அப்புறம் பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பெண். வந்ததும் கோப்பைத் திறக்கவில்லை, கிழவியோடு இருந்து தேத்தண்ணீர் குடித்தார். முதுகு நோவைப் பற்றித்தான் தகப்பனிடம் முதலில் கேட்டார். பிறகு சம்மாட்டியிடம் மூவருமாகப் போனோம். அவர் பழைய ஆள், கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, இனிப் பதினாறுக்குக் குறைந்த ஒருவரையும் கயிற்றில் விடமாட்டேன் என்றார். தகப்பனுக்கு இருந்த இடத்தில் வலை பொத்துகிற வேலை கொடுத்தார். அந்த வீட்டுக் கறிமீனையும் நிறுத்தவில்லை, அந்தப் பருவம் முடியும்வரை அனுப்பினார்.

இங்கே எனக்கு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பெடியனின் படிப்புக்கு உதவி கேட்டு ஒரு இடத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். தகப்பனுக்கு விளங்கியது பிள்ளையின் பெயரும் முத்திரையும் மட்டும். பிள்ளையைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைத்து, அன்றைக்கே அவனை மூதூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் கடிதத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்! அதற்காக ஒரு பிள்ளை பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987இல் சொன்னது, வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அடுத்த வருடமே 16ஆவது திருத்தம் சொன்னது. நான் பிறக்க முதல் வந்த சட்டங்கள் இவை. இன்றைக்கும் என் மாமியார் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வாசிக்க ஆள் தேடித் திரிகிறார், மருந்துத் துண்டையும் யாரிடமாவது காட்டித்தான் விளங்கிக்கொள்கிறார். சிங்களச் சனத்தோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை, பருவத்துக்கு இங்கே வாடி போட வருகிற பலர் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வருகிற கடிதம் எங்களுக்கு விளங்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது நான் ஒரு விடயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முதல், அதைக் கேட்ட பிள்ளை "அப்ப நான் என்ன செய்யிறது?" என்று திருப்பிக் கேட்டால் எங்கே அனுப்புவேன் என்று பார்ப்பேன். பதில் இல்லாவிட்டால் அந்த வகுப்பைத் தள்ளிவைப்பேன். 2022இல் ஏறிய சவர்க்கார விலையை நினைத்துப் பாருங்கள். கைகழுவும் பாடத்துக்கு முதல் முன்பள்ளிக் குழாயடியில் ஒரு வலைத்துண்டில் சவர்க்காரம் கட்டித் தொங்கவிட்டேன், பிறகுதான் பாடம். சாமத்தியப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்கிற விடயங்களைத் தரம் 10 அக்காமார் சொல்வார்கள், குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ் பக்கத்தில் இருப்பார். அதில் எங்களுக்குப் பெரிய பயன் கிடைத்தது, மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் நின்ற இரண்டு பேர் இப்போது போகிறார்கள்.

இன்னொன்று, இரகசியம். யாராவது ஒரு பிள்ளை உன்னிடம் அடி, தொடுகை, பட்டினி என்று எதைச் சொன்னாலும் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்று பழக்குகிறேன். "நான் ரீச்சருக்குச் சொல்லித்தான் ஆக வேணும்" என்பதை அந்தப் பிள்ளையிடமும் முதலே சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் இன்னொரு பிள்ளையின் துன்பத்தைப் பூட்டிவைக்கக் கூடாது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம்தான், பரீட்சைக் காலத்தில் அதுவும் இல்லை.

பெடியன் திரும்பவும் பள்ளிக்கூடம் போனான். ஆனால் பதினாறு முடிந்த கிழமையே படகில் ஏறிவிட்டான். எனக்கு அதில் கவலைதான், சாதாரண தரப் பரீட்சையாவது எழுதியிருக்கலாம். போன மாரி தொடங்க முதல், கரையில் கிடந்த பழைய படகு பதினொன்றையும் தன் கூட்டாளிமாரைக் கூட்டிவந்து அவன்தான் கவிழ்த்து வைத்தான். நான் கேட்கவில்லை.

அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை நாலாவது சனிக்கிழமை வந்தாள். அதற்கு முதல் நான் அவள் தாயிடம் போய், பிழை என்னுடையது என்று சொல்லியிருந்தேன். அவளைத் திட்டிய பெண்ணிடமும் போய்ச் சொன்னேன். அவள் இப்போது சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள், நேரம் கிடைத்தால் வந்து சின்னவர்களுக்குப் பல் துலக்கல், பேன், நுளம்பு எல்லாம் தனியாகவே சொல்லிக்கொடுப்பாள். உரிமை என்று வருகிற நாளில் மட்டும், "ரீச்சர், நீங்களும் பக்கத்தில இருங்கோ" என்பாள். இருக்கிறேன்.