கோட்ரெட் குரோவன் யார்? மான் தீவை எப்படிப் பிடித்தார்?

அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவேயுள்ள மான் தீவை 1079 முதல் ஆண்ட நோர்ஸ்-கேலிக் (வைக்கிங், கேலிக் மரபுகள் கலந்த) அரசர் இவர். 1066இல் இங்கிலாந்தில் நடந்த ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் போரில் நார்வே பக்கம் நின்று தோற்றுத் தப்பியவர்.

தீவின் மீது இருமுறை படையெடுத்துத் தோற்றார். மூன்றாம் முறை இரவில் ராம்சே துறைமுகத்தில் இறங்கி, ஸ்கை ஹில் என்ற குன்றின் சரிவுக் காட்டில் 300 பேரை ஒளித்துவைத்தார். போர் உச்சத்தில் அவர்கள் பின்னாலிருந்து பாய்ந்தார்கள். தீவுவாசிகளுக்குத் தப்பியோடவும் வழியில்லை, கடல் ஏற்றத்தில் ஆறு நிரம்பியிருந்தது. வெற்றிக்குப் பாதிக் காரணம் அந்த ஏற்றம்தான்.

பிறகு தெற்கைத் தன் வீரர்களுக்கும் வடக்கைத் தீவுவாசிகளுக்கும் கொடுத்தார். ஆனால் எவரும் பரம்பரை நில உரிமை கோரக்கூடாது. குத்தகை நிலம் போலத்தான்: உழலாம், பட்டா கேட்க முடியாது. நிலம் முழுதும் அரசர் கையில் இருந்ததால் உள்ளூர்ப் பிரபுக்கள் தலையெடுப்பது கடினம்.

டப்ளினையும் சில ஆண்டுகள் ஆண்டு, 1094இல் விரட்டப்பட்டார். 1095இல் ஸ்காட்லாந்து மேற்குக் கரையின் ஐலே தீவில் கொள்ளைநோயில் இறந்தார்.

மான் தீவு இங்கிலாந்தின் பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். அவர் காலத்திலும் இல்லை, இன்றும் இல்லை. இப்போது அது பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த, தனி நாடாளுமன்றம் கொண்ட தன்னாட்சிப் பகுதி.