கீழே மிச்சமிருக்கும் பற்களைப் பிடுங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. மேல் பற்கள் எல்லாம் போய்விட்டன. கீழே முன்பற்கள் ஆறுதான் மிச்சம். அதிலும் நடுவில் நான்கு ஆடுகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு பல்செட் போடலாம் என்கிறார் ஒரு டாக்டர். ஃப்ளெக்ஸிபிள் செட்டே போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: ஆடும் நான்கையும் எடுத்துவிடலாம். ஓரத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உறுதியாக இருந்தால், அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

மேல் செட் பெரும்பாலும் படுத்தாது. அண்ணம் முழுக்கப் பரவி உட்காருவதால் எச்சிலின் ஒட்டுதலிலேயே நின்றுவிடும். கீழ் செட்டுக்குக் கிடைப்பது குறுகலான ஒரு ஈறு மேடு மட்டும். நாக்கும் கன்னமும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பல் எடுத்த இடத்தில் எலும்பும் வருஷா வருஷம் கரையும், அதுவும் கீழ்த்தாடையில் வேகமாக. "செட்டைச் சரியாகச் செய்யவில்லை, லூசாகிவிட்டது" என்று வருகிறவர்கள் பலருக்குச் செட்டில் குறை இருக்காது. அடியில் எலும்பு இறங்கியிருக்கும்.

வேர் இருக்கும்வரை அதைச் சுற்றியுள்ள எலும்பு அவ்வளவாகக் கரையாது. கோரைப்பல்லின் வேர்தான் வாயிலேயே நீளம். அந்த இரண்டுக்கும் ரூட் கெனால் செய்து, ஈறுக்குச் சற்று மேலே வரை வெட்டி, மூடி போட்டு, அதன்மேல் செட்டை உட்காரவைக்கலாம். இதுதான் ஓவர்டென்ச்சர். 1978இல் வெளியான ஓர் ஆய்வில், கோரைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களுக்கு 5 ஆண்டுகளில் முன்பக்க எலும்பு சராசரியாக 0.6 மி.மீ. குறைந்தது, எல்லாப் பற்களையும் எடுத்தவர்களுக்கு 5 மி.மீ.க்கும் மேல். ஆனால் ஒன்று, அந்த வேர்களை அப்பா தினமும் பிரஷ் செய்தாக வேண்டும். விட்டால் செட்டுக்கு அடியிலேயே சொத்தையாகும்.

ஃப்ளெக்ஸிபிள் செட் நைலானில் செய்வது. கம்பி தெரியாது, சுலபமாக உடையாது. ஆனால் மெல்லும் பாரம் முழுக்க ஈறில் இறங்கும். லூசானால் உள்பக்கம் பூசிச் சரிசெய்வதும் சிரமம். ஒன்றிரண்டு பல் இல்லாதவர்களுக்குச் சரி, அப்பாவுக்கு நான் சொல்லமாட்டேன்.

முதலில் எக்ஸ்ரே எடுத்துக் கோரைப்பல் வேர்களைப் பாருங்கள். எலும்புப் பிடிப்பு இல்லையென்றால் அவற்றையும் எடுக்க வேண்டியதுதான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், அதே இடத்தில் இரண்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துச் செட்டை அதில் பொருத்தலாம்; செலவு கூடும். எலும்புத் தேய்மானத்துக்கு அப்பா மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால், பல்லில் கைவைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.