இது யார் என்று கேட்காதீர்கள்

கேள்வி: பாட்டனாரின் இரும்புப் பெட்டியில் அட்டையில் ஒட்டிய குழுப் படம் ஒன்று கிடைத்தது. ஒரு கட்டடத்தின் முன் பதினொரு ஆண்கள், ஒரு சிறுவன். பின்னால் எழுத்து எதுவும் இல்லை. பாட்டனார் ரங்கூனில் கடைக் கணக்கராக இருந்தவர். "இது யார், எந்த ஊர் என்று தெரியுமா? ரங்கூன் என்று நினைக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டேன். பாதிப் பேர் ரங்கூன் என்கிறார்கள், சிலர் பினாங்கு என்கிறார்கள். நடுவில் இருப்பவர் ஒரு ஜமீன்தார் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது? தெரிந்த பெயர்களைப் படத்தின் பின்னால் பேனாவால் எழுதிவைக்கலாமா? (ஒரு வாசகி, தேவகோட்டை)

பதில்: ரங்கூன் என்று நினைப்பதாக நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வந்த ரங்கூன்களை எல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை உங்கள் குரல்தான், வேறு வாயிலிருந்து வருகிறது. பலரிடம் கேட்பது நல்ல வழிதான். கேட்ட விதம்தான் பிசகிவிட்டது.

படத்தைக் காட்டாமலேயே ஊரைக் கேட்டுப் பதில் பெற்ற கதை ஒன்று உண்டு. 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் ஒரு சிப்பாயின் உடலோடு, கண்ணாடித் தகட்டில் எடுத்த மூன்று குழந்தைகளின் படம் கிடைத்தது. அவர் யார் என்று தெரிய வேறு எந்தத் தடயமும் இல்லை. அன்றைய நாளிதழ்களில் புகைப்படம் அச்சிட வழி கிடையாது. அதனால் அக்டோபரில் பிலடெல்பியா நாளிதழ் ஒன்று படத்தைச் சொல்லால் எழுதிக் காட்டியது. பிள்ளைகளின் வயது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், மூத்த பையனின் மேல்சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை என்பது வரை. பிற இதழ்கள் அதை எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரான போர்ட்வில்லில் ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்ணை அந்தச் செய்தி எட்டியது. விசாரித்துக் கடிதம் போனது, படத்தின் நகல் வந்தது. இறந்தவர் தன் கணவர் ஏமோஸ் என்று அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்தத் துணியைத் தன் வீட்டில் பார்த்திருப்பவரால்தான் அந்தக் குறிப்புக்குப் பதில் சொல்ல முடியும். நீங்கள் கேட்க வேண்டியதும் அந்த மாதிரிக் கேள்வி.

கூட்டத்தின் பதிலில் எவ்வளவு தேறும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன் பழைய படங்களில் மூவாயிரத்துக்குச் சற்று மேலானவற்றை ஃப்ளிக்கர் தளத்தில் பொதுமக்கள் முன் வைத்தது. பின்னர் மேலும் சேர்த்தது. அக்டோபருக்குள் வந்த கருத்துகள் 7,166. அவற்றின் துணையோடு நூலகம் தன் பட்டியலில் திருத்திய பதிவுகள் ஐந்நூற்றுக்குச் சற்று மேல். களத்திலிருந்து யாரும் தூற்றாமல் நெல்லை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. நூலக ஊழியர்களும் சரிபார்த்த பிறகே பதிவில் கைவைத்தார்கள்.

ஜமீன்தார் என்று சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? "மீசை அப்படியே அவர்தான்" என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். முகச் சாயல் என் அனுபவத்தில் மிக மோசமான சாட்சி. இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் ஆறு பேர் கொடியேற்றிய படத்தில் யார் யார் என்பதில் அமெரிக்க மரைன் படையே பல பத்தாண்டுகள் தவறியது. பிழையைக் கிளப்பியவர்கள் ஓர் அயர்லாந்துக்காரரும் ஒமாகா நகரத்து ஒருவரும், இருவரும் ஆர்வலர்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் என்று சொல்லப்பட்டவர் ஜான் பிராட்லி. அதே நாளின் பிற படங்களில் அவருடைய கால்சட்டை விளிம்பு மடித்திருந்தது. கொடிப் படத்தில் அவர் என்று சொல்லப்பட்டவரின் விளிம்பு மடிக்கப்படவில்லை. இடுப்புப் பட்டையும் ஒத்துப்போகவில்லை. 2016-இல் மரைன் படை அதை ஏற்றுப் பெயரை மாற்றியது. 2019-இல் இன்னொரு பெயரும் மாறியது.

இனி உங்கள் படம். அட்டையின் ஓரத்தை வெட்டாமல், முன்னும் பின்னும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். படத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவை இல்லாத கண் இமையையும் பலகையில் இல்லாத எழுத்தையும் தாமாக வரைந்துவிடும். பிறகு ஊரே அந்தப் பொய்யெழுத்தை வாசித்துக்கொண்டிருக்கும். அடுத்து அறையை இருட்டாக்கி, டார்ச்சை அட்டையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் மையில்லாமல் அழுத்தும் முத்திரை நேர்வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. வெற்று அட்டை என்று என்னிடம் வந்த ஒன்றில் இப்படித்தான் ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் எழுந்து வந்தன. முத்திரை தமிழகத்து ஸ்டூடியோவுடையது என்றால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேகரித்து மின்னுருவாக்கியிருக்கும் தமிழக ஸ்டூடியோப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படம் இடவலமாகப் புரண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலகை எழுத்தும் சட்டைப் பொத்தானும் சொல்லிவிடும். பெண்கள் இருக்கும் படத்தில் முந்தானையை வைத்து முடிவு கட்டாதீர்கள்; மடிசாரில் ஐயர் வீட்டு வழக்கம் ஒரு தோள், ஐயங்கார் வீட்டு வழக்கம் இன்னொரு தோள்.

பிறகுதான் கூட்டம். முழுப் படத்தையும் போடாதீர்கள். கட்டடத்தில் பெயர்ப் பலகை இருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்து, ஊர் எதையும் சொல்லாமல், பர்மிய எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவில் "இது எந்த மொழி, மறைந்த பகுதி என்னவாக இருக்கும்?" என்று கேளுங்கள். அதையே மலேசிய நண்பர்கள் குழுவிலும் தனியாகக் கேளுங்கள். ஒருவர் பதிலை மற்றவர் பார்க்கக்கூடாது. தூண், ஜன்னல் இவற்றைப் பழைய கட்டடம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். தொடர்பில்லாத இருவர் ஒரே விடையை, காரணத்தோடு சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

காலத்தை நீங்களே பாதி நெருக்கிவிடலாம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு போட்டார்கள். நம்மவர்கள் பெருங்கூட்டமாக வெளியேறியது அதன் பிறகு. படம் ரங்கூன்தான் என்று உறுதியானால், இப்படி நிதானமாக வரிசையில் நின்று எடுத்தது பெரும்பாலும் அதற்கு முன்புதான். அந்தச் சிறுவன் உங்கள் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் அவர் பிறந்த ஆண்டு மறுகரை.

பேனா வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வரும். மென்மையான பென்சிலால், அட்டையின் ஓரத்தில், முகங்களுக்குப் பின்புறம் படாதபடி எழுதுங்கள். பெயரோடு சொன்னவரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஜமீன்தாருக்கு இப்போதைக்குக் கேள்விக்குறி போடுங்கள்.