வீட்டில் மாட்டும் புனிதப் படங்கள் ஜெபத்துக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும். நான் ஜெபிக்கக் கற்றதே ஒரு படத்தின் முன்னால்தான்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் அம்மாயி வைத்திருந்தது, மரியாள் குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் சதா சகாய மாதா படம். காலண்டரிலிருந்து வெட்டி, சேலத்தில் கண்ணாடி போட்டு வாங்கி வந்தது. இரவு ஜெபமாலையில் 53 'அருள் நிறைந்த மரியே' ஜெபங்கள் முடியும்வரை எனக்குப் பார்க்க வேறு எதுவும் இருக்காது. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒருநாள் கண்ணில் பட்டது: குழந்தை இயேசுவின் ஒரு செருப்பு கழன்று காலில் தொங்குகிறது.

"ஏன் அம்மாயி அப்படி?"

"பயந்து ஓடி வந்திருக்கான் கண்ணு. சம்மனசு கையில என்ன இருக்குன்னு பாரு."

சம்மனசு என்றால் வானதூதர். ஒருவரிடம் சிலுவையும் ஆணிகளும், இன்னொருவரிடம் ஈட்டியும் கடற்பஞ்சும்: இயேசுவின் சிலுவைப் பாடுகளுக்கான பொருள்கள். குழந்தை இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்திருக்கிறது. தாயோ அவனைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறாள். சின்ன வயதில் எனக்கு அதில் கோபமே உண்டு. பிறகு என் மகளுக்குக் காய்ச்சல் கொதித்த ஓர் இரவு, அவளை மடியில் போட்டபடி நிமிர்ந்தால் எதிரே அதே கண்கள். வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் அதைவிட ஆழமாக நான் ஜெபித்ததில்லை.

நகல்தானே என்று குறைவாக எண்ணாதீர்கள். மூலப் படம் ரோமில் புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1866-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதை ரெடெம்ப்டரிஸ்ட் துறவிகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் பிரதி எடுத்துப் பரப்பியிராவிட்டால் சேர்வராயன் மலைக்கு அது எப்படி வந்திருக்கும்? படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் உள்ளவரையே சேரும் என்று 787-இல் திருச்சபை ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமே சொல்லிவிட்டது. அதனால் சிலை வழிபாடு ஆகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

மாதா படம் வேண்டாம் என்றால் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் வரைந்த, இயேசுவின் உவமையில் தகப்பனிடம் திரும்பி வரும் ஊதாரி மகன் படத்தைப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். மகன் முதுகில் படிந்திருக்கும் தகப்பனின் இரண்டு கைகளை மட்டும் பார்த்தாலே ஒரு வாரம் போதாது.

அப்புறம், சுவர் நிறைய மாட்டாதீர்கள், ஒன்று போதும். நிலைப்படிக்கு மேலே வேண்டாம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். வெயில் படாத சுவராகவும் பாருங்கள். அம்மாயி படத்தில் மாதாவின் சிவப்பு அங்கி ஜன்னல் வெயிலில் வெளுத்தே போய்விட்டது.