அம்மாவுக்கு கேன்சர், அப்பாவுக்குத் தூக்கம் இல்ல

அக்கா, எங்க அப்பா ஆர்மில இருந்தவர், காங்கோவுக்கு பீஸ்கீப்பிங் போயிட்டு வந்தவர். ரிட்டயர் ஆகியும் நல்லாத்தான் இருந்தார். அம்மாவுக்கு கேன்சர்னு தெரிஞ்சதுல இருந்து தூக்கமே இல்ல, ராத்திரில கராஜுக்குப் போய் காருக்குள்ள உக்காந்துக்கிறார், அம்மா வலில முனகினா வெளிய ஓடிடுறார். கவுன்சலிங்னு சொன்னா எனக்கென்ன பைத்தியமாங்கிறார். பெரியப்பா காவடி எடுக்கச் சொல்றார். முதல்ல அம்மா ட்ரீட்மெண்ட் முடியட்டும்னு விட்டுடலாமா?
ஒரு மகள், ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

தங்கச்சி,

விடாதீங்கம்மா. கீமோ மாசக்கணக்குல இழுக்கும், அம்மாவுக்குத் துணையே அவர்தான், அவர் படுத்துட்டா ரெண்டு பேரையும் யார் பாக்குறது?

அவர் ஓடுறது பாசம் இல்லாம இல்ல. நான் டாக்டர் இல்ல, அதனால இதுதான்னு அடிச்சு சொல்லமாட்டேன், ஆனா பட்டாளத்துல பட்டது பல வருஷம் கழிச்சுக்கூட தலைதூக்கும், வேலை, யூனிஃபார்ம், கூட்டாளிங்கன்னு இருந்தவரைக்கும் அமுங்கிக் கிடந்தது வீட்டுக்குள்ள சாவு பயம் நுழைஞ்சதும் கிளம்பிடும். அந்த முனகல் அவருக்கு வேற எந்த இடத்தை ஞாபகப்படுத்துதோ, நமக்குத் தெரியாது.

கவுன்சலிங்னே ஆரம்பிக்காதீங்க. "தூக்கத்துக்கு டாக்டரைப் பாக்கலாம்பா, நீங்க தெம்பா இருந்தாத்தானே அம்மாவைப் பாத்துக்க முடியும்"னு கேளுங்க, இதுக்கு மனுஷன் வருவார். கூட காங்கோ போன பழைய கூட்டாளி யாராவது டர்பன்ல இருந்தா ஒரு ஃபோன் போடச் சொல்லுங்க, உங்ககிட்ட சொல்லாததை அவர்கிட்ட சொல்லுவார்.

அப்புறம் இது தர்மம் கேக்குறது இல்ல, அவர் உரிமை. நம்ம நாட்டு 2011 மிலிட்டரி வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினர்) சட்டத்துல பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பு, கடுமையான மனநோய் இதுக்கெல்லாம் கவுன்சலிங்கும் சிகிச்சையும் உண்டுன்னு எழுதியே இருக்கு. மிலிட்டரி வெட்டரன்ஸ் டிபார்ட்மெண்ட் டேட்டாபேஸ்ல அவர் பேர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா சர்வீஸ் பேப்பரோட பதிவு பண்ணுங்க. ஆனா அது வர்றவரைக்கும் காத்திருக்காதீங்க, பக்கத்து கிளினிக்லயே ஆரம்பிங்க.

இது ரொம்ப முக்கியம். வீட்டுல துப்பாக்கி இருக்கா? இருந்தா இப்போதைக்கு அது வீட்டுல வேணாம், எப்படி ஒப்படைக்கிறதுன்னு போலீஸ் ஸ்டேஷன்ல கேளுங்க. "செத்துடலாம்னு தோணுதாப்பா"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நினைப்பு வந்துடும்னு பயப்பட வேணாம், அப்படி வராது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, சாடாக்ங்கிற மனநல உதவி அமைப்போட ஹெல்ப்லைனுக்குக் கூப்பிடுங்க, 0800 567 567, ராத்திரியும் எடுப்பாங்க.

காவடி எடுக்கணும்னு அவருக்கே தோணினா தாராளமா எடுக்கட்டும், விரதம் ஒரு பக்கம் டாக்டர் ஒரு பக்கம். பெரியப்பாவை வாரத்துல ரெண்டு ராத்திரி வந்து அம்மாகூட இருக்கச் சொல்லுங்க, அப்பவாவது நீங்களும் கொஞ்சம் தூங்குங்க.